மனநோயும் சிகிச்சையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உளவியல் பட்டப் படிப்பில் 'பிறழ்நிலை உளவியல்' என்று ஒரு தாள் உண்டு. தேர்வுக்காக அதைப் படிப்பவர்களின் கேள்விகளும், வீட்டில் ஒருவர் ஒரு மாதமாகத் தூங்கவில்லையே என்று தவிப்பவர்களின் கேள்விகளும் வேறு வேறு போலத் தோன்றும். சற்றுக் கிளறினால் இரண்டும் ஒரே இடத்தில் போய் நிற்கும்: இது நோயா, குணமா, சூழ்நிலையா? அதனால் இங்கே இரண்டையும் பிரிக்காமல் கலந்தே தந்திருக்கிறேன்.

எது இயல்பு, எது பிறழ்வு? கோடு எங்கே இருக்கிறது?

கோயில் கொடையில் ஒருவர் சாமியாடுகிறார். உடல் நடுங்குகிறது, குரல் மாறுகிறது, தெய்வமாகவே பேசிக் குறி சொல்கிறார். மேளம் நின்றதும் திருநீறு பூசிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்; மறுநாள் காலை வழக்கம்போல் கடையைத் திறக்கிறார். ஊரில் யாரும் அவரை நோயாளி என்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடும் அப்படிச் சொல்வதில்லை. ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டுக்குள் வரும் ஆவேசத்தை அது நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. அதே ஆவேசம் அழையாமல் வந்து, வேலை நேரத்தில் வந்து, அவரையே கலங்க வைத்தால் அது வேறு கணக்கு.

பாடநூல்கள் நான்கு அளவுகோல்களைச் சொல்லும்: அரிதாக இருப்பது, சமூக வழக்கை மீறுவது, துன்பம் தருவது, அன்றாட வாழ்க்கையைக் குலைப்பது. எந்த ஒன்றும் தனியாக நிற்காது. அபாரமான இசைஞானமும் அரிதுதான். சாதி மறுத்துத் திருமணம் செய்தவரும் வழக்கத்தை மீறியவர்தான். தாயை இழந்தவரின் துன்பம் நோயாகாது. இன்னொரு பக்கம், பித்தெழுச்சி நிலையில், அதாவது நோயால் அளவுமீறிய உற்சாகத்தில், இருப்பவருக்குத் துன்பமே தெரியாது. மூன்று இரவுகள் தூங்காமல், வட்டிக்குக் கடன் வாங்கி மூன்று ஆட்டோவுக்கு முன்பணம் கட்டிவிட்டு, "வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை" என்பார். ஆகவே நான்கையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும். நடைமுறையில் கடைசி அளவுகோலுக்கே எடை அதிகம்: சாப்பாடு, தூக்கம், வேலை, உறவு ஆகியவற்றில் எது, எவ்வளவு நாளாகக் குலைந்திருக்கிறது?

நோய்களின் பெயரை முடிவு செய்வது யார்? அதில் தவறே வராதா?

உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாடு ஒன்று. அதன் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மற்றது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு. அது 1952இல் தொடங்கி 2013இல் ஐந்தாம் பதிப்பை எட்டியது.

தவறு வருமா என்றால், வந்திருக்கிறது, வெட்கப்படும் அளவுக்கு. 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், அடிமைகள் தப்பி ஓடுவதற்கு 'டிராப்டோமேனியா' என்று ஒரு மனநோய்ப் பெயரே சூட்டினார். தப்பி ஓடினவருக்கு நோயாம், கட்டி வைத்தவர் நலமாம்! தற்பால் ஈர்ப்பும் நெடுங்காலம் நோய்ப் பட்டியலில் இருந்தது. அமெரிக்கச் சங்கம் 1973இல்தான் அதை நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் 1990இல் நீக்கியது.

அதே 1973இல் டேவிட் ரோசன்ஹான் என்ற உளவியலாளரின் கட்டுரை வெளிவந்தது. அவர் உட்பட எட்டுப் பேர், காதில் ஒரு குரல் கேட்பதாகப் பொய் சொல்லி 12 மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். சேர்ந்தபின் இயல்பாகவே நடந்துகொண்டும் சராசரியாக 19 நாட்கள் உள்ளே இருந்தார்கள். குறிப்பு எடுத்ததைக்கூட நோயின் அறிகுறியாக எழுதினார்கள் என்பது அவர் சொன்ன கதை. அந்த ஆய்வு சொன்னபடியே நடந்ததா என்று பிற்காலத்தில் கடுமையான ஐயங்கள் எழுந்துவிட்டன. ஆனாலும் அது கிளப்பிய புழுதி, 1980இல் வந்த அமெரிக்கக் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் ஒவ்வொரு நோய்க்கும் அறிகுறிகளையும் கால அளவையும் எண்ணிக் குறிப்பிடும் முறை வருவதற்கு ஒரு காரணம். பெயர் என்பது சிகிச்சையைத் தேர்வதற்கான கருவி. வீட்டிலும் தெருவிலும் ஆளைக் கூப்பிட அதைப் பயன்படுத்தினால் அது வசைச்சொல்லாகிவிடுகிறது.

மனநோய் என்றால் பைத்தியம் என்றுதானே பொருள்?

வசைச்சொற்களைப் பற்றியே பேசிவிடலாம். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று கிண்டல் செய்யாத தலைமுறை தமிழ்நாட்டில் இல்லை. அந்தக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வேர் 1794இல் சென்னையில் தொடங்கிய ஒரு காப்பகத்தில் இருக்கிறது. இப்போதுள்ள வளாகத்துக்கு 1871இல் வந்தது. இருநூறு ஆண்டு கடந்த ஒரு மருத்துவமனையின் பெயரை வசையாக்கிய பெருமை நமக்கு.

2015–16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்தது. பெரியவர்களில் 10.6 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக அது கண்டது. இவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது மனச்சோர்வு, பதற்றம், குடி அடிமைத்தனம் போன்றவை. 'பைத்தியம்' என்ற சொல்லை வைத்து நாம் கற்பனை செய்துகொள்ளும் கடுமையான நோய்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

அப்பா இறந்து இரண்டு மாதமாகிறது. அம்மா அழுதுகொண்டே இருக்கிறார். இது துக்கமா, மனச்சோர்வு நோயா?

துக்கம் அலையலையாக வரும். அப்பாவின் செருப்பைப் பார்த்ததும் பொங்கும். பேரன் வந்து மடியில் உட்கார்ந்தால் சற்று அடங்கும். நினைவு முழுவதும் இறந்தவரைச் சுற்றியே இருக்கும். மனச்சோர்வு நோயில் அலை இல்லை, ஒரே மூட்டம்தான். பேரன் வந்தாலும் முகம் மலராது. நினைவு தன்னைச் சுற்றியே சுழலும்: நான் எதற்கும் லாயக்கற்றவள், எல்லோருக்கும் பாரம், என்னால்தான் அவர் போனார். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும், காலைப் பொழுதே மிகக் கனமாக இருக்கும்.

அமெரிக்கக் கையேட்டின் கணக்கு இது: மனவாட்டம், எதிலும் நாட்டமின்மை இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். பசி, தூக்கம், அசதி, குற்றவுணர்வு, கவனக் குறைவு, சாவு பற்றிய நினைவு முதலியவற்றோடு சேர்த்து ஒன்பதில் ஐந்து, இரண்டு வாரங்களாக, ஏறத்தாழ நாள் முழுவதும் இருக்க வேண்டும். துக்கத்தில் இருப்பவருக்கும் இந்நோய் சேர்ந்து வரலாம். "புருஷன் போனால் அப்படித்தான் இருக்கும்" என்று ஊர் சொல்வதால் இது தவறிப்போவதே அதிகம்.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கல், மனச்சோர்வு மனத்தின் மொழியில் பேசுவதில்லை. 'தலை பாரமாக இருக்கிறது', 'கை கால் அசந்து போகிறது', 'உடம்பெல்லாம் எரிகிறது' என்று உடம்பின் மொழியில் பேசும். அதற்காக நேரே மனநோய் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. தைராய்டு குறைவும் பி12 குறைவும் அச்சு அசலாக இதே வேடத்தில் வரும். ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவேன் போல இருக்கிறது. ஈசிஜி சரியாக இருக்கிறதாம். அப்படியானால் நான் நடிக்கிறேனா?

இல்லை. அது பீதித் தாக்குதலாக இருக்கலாம். புலி துரத்தினால் உடம்பு என்னென்ன செய்யுமோ அத்தனையும் புலி இல்லாமலே நடக்கிறது. சில நிமிடங்களில் உச்சத்தை எட்டிப் பிறகு தானாக இறங்கும். முதல் தடவை வரும்போது இதயத்தைப் பரிசோதிப்பது சரி. ஆறாவது தடவையும் ஈசிஜி எடுத்துவிட்டு, "ஒன்றும் இல்லை, போங்கள்" என்று அனுப்புவதுதான் தவறு. ஒன்றும் இல்லாமல் இல்லை. இதயத்தில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

வீட்டைத் துடைத்துக்கொண்டே இருப்பவர்களுக்கெல்லாம் ஓசிடியா?

சுத்தம் பார்ப்பதில் ஒருவருக்கு நிறைவு கிடைத்தால் அது குணம். ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோயில் நிறைவு என்பதே கிடைக்காது. கை சுத்தமாகிவிட்டது என்று அவருக்கே தெரியும், இருந்தும் தோல் உரியும்வரை கழுவுவார்.

இந்நோயின் வெளியே சொல்ல முடியாத முகம் ஒன்று உண்டு. சந்நிதியில் கைகூப்பி நிற்கும்போது தெய்வத்தைப் பற்றி அருவருப்பான எண்ணம் வருகிறது. குழந்தையைக் குளிப்பாட்டும் தாய்க்கு, தண்ணீரில் அமுக்கிவிடுவோமோ என்று தோன்றுகிறது. அவர்கள் நடுங்கிப்போகிறார்கள், யாரிடமும் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் புழுங்குகிறார்கள். அந்த எண்ணம் அவர்கள் ஆசையிலிருந்து வருவதில்லை; எதை மிகவும் அஞ்சுகிறார்களோ அதுவே ஊசியாகக் குத்துகிறது. மருத்துவர்கள் இதைப் பலமுறை கேட்டிருப்பார்கள், அதிர்ந்துபோக மாட்டார்கள்.

சிகிச்சை விநோதமாகத் தெரியும். கதவுக் கைப்பிடியைத் தொடச் சொல்வார்கள், கழுவ விடமாட்டார்கள். பதற்றம் ஏறும், கொஞ்சம் நிற்கும், பிறகு கழுவாமலே இறங்கும். அப்படி இறங்குவதை உடம்பு நேரில் கண்டுகொள்வதுதான் சிகிச்சை. எளிதில் தொடங்கிப் படிப்படியாகச் செய்வார்கள். சிலருக்கு மருந்தும் வேண்டும்.

மனச்சிதைவு என்றால் ஒரே ஆளுக்குள் இரண்டு ஆட்கள் இருப்பதா?

திரைப்படங்கள் செய்த குழப்பம் அது. சுவிட்சர்லாந்தின் யூஜென் ப்ளாய்லர் 1908இல் கிரேக்கச் சொற்களைக் கொண்டு 'ஸ்கிசோஃப்ரினியா' என்று பெயரிட்டபோது, சிந்தனை, உணர்வு, செயல் ஆகியவை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிளவுபடுவதைத்தான் குறித்தார். இதில் குரல்கள் கேட்கும், பெரும்பாலும் திட்டும் குரல்கள். பக்கத்து வீட்டுக்காரர் சுவர் வழியாகத் தன்னைக் கண்காணிக்கிறார் என்பது போன்ற, எவ்வளவு விளக்கினாலும் அசையாத நம்பிக்கை இருக்கும். குளிக்காமல், பேசாமல், மூலையில் ஒடுங்குவதும் இதே நோயின் பகுதிதான். அதைச் சோம்பேறித்தனம் என்று வீட்டார் ஏசுவார்கள். உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவர்கள் பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படுவதே அதிகம்.

இதெல்லாம் ஏன் வருகிறது? வளர்ப்பு சரியில்லையா? செய்வினையா?

1948இல் ஃப்ரீடா ஃப்ரொம்-ரைக்மன் என்ற உளப்பகுப்பாளர், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்று ஒரு கருத்தை எழுதினார். ஒரு தலைமுறைத் தாய்மார்கள் நோயைச் சுமந்ததோடு பழியையும் சுமந்தார்கள். பின்னர் அது ஆதாரமற்றது என்று கைவிடப்பட்டது.

இன்றைய புரிதலை ஒரு கணக்கால் சொல்லலாம். ஒரே கருவில் பிளந்த இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு வந்தால் மற்றவருக்கும் வருவது கிட்டத்தட்டப் பாதித் தடவைதான். மரபணு முழுவதும் ஒன்றாக இருந்தும் பாதிதான் என்றால், மரபு மட்டும் காரணமாக முடியாது. பாதி அளவுக்கு இருக்கிறதே என்றால், மரபு இல்லை என்றும் சொல்ல முடியாது. பிறவியிலேயே அமைந்த ஒரு மென்மை, அதன்மேல் விழும் இழப்பு, வறுமை, வன்முறை, கஞ்சா போன்ற அழுத்தங்கள். மழை எல்லோர் கூரையிலும் பெய்கிறது, ஓடு நகர்ந்த கூரைதான் ஒழுகுகிறது. செய்வினைக்கு இந்தக் கணக்கில் இடம் இல்லை.

கோயிலுக்கோ தர்காவுக்கோ அழைத்துச் செல்லலாமா?

தாராளமாக. திருச்சிக்கு அருகே குணசீலம் பெருமாள் கோயிலில் மனநோயாளிகளை ஒரு மண்டலம் தங்கவைப்பது நெடுநாள் வழக்கம். நம்பிக்கையும் ஒழுங்கான நாள்முறையும் யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ, கட்டிவைத்தாலோ, அடித்தாலோ அங்கே ஒரு நிமிடமும் இருக்காதீர்கள்.

2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்து நடத்தப்பட்ட ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். தீ மட்டும் அவர்களைக் கொல்லவில்லை, ஓட முடியாமல் செய்த சங்கிலியும் சேர்ந்துதான் கொன்றது. பிறகு அரசு அத்தகைய காப்பகங்களை மூடியது. மருந்தும் பிரார்த்தனையும் ஒரே இடத்தில் கிடைக்கும்படி ஏர்வாடியிலேயே மனநல மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்க்கும் ஏற்பாடும் பின்னாளில் வந்தது.

மனநல மருத்துவர், உளவியலாளர், ஆலோசகர் – யாரிடம் போவது?

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர், மருந்து எழுதலாம். மருத்துவ உளவியலாளர் பரிசோதனைகளும் பேச்சு வழிச் சிகிச்சையும் செய்பவர். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பது அவமரியாதை ஆகாது. 'ஆலோசகர்' என்ற பலகையை இங்கே யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்கிறார்கள், எச்சரிக்கை. குரல் கேட்பது, தூக்கமே இல்லாத பரபரப்பு, சாப்பிட மறுப்பது, தற்கொலை எண்ணம் இருந்தால் முதலில் மருத்துவர். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் ஆலோசனையும் மருந்தும் இலவசம்.

மாத்திரை போதையா? ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டுமா?

எல்லா மாத்திரையும் ஒரே இனம் இல்லை. மனச்சோர்வுக்குத் தரும் மருந்துகளுக்கு அடிமையாவதில்லை. வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குமட்டல் போன்ற பக்கவிளைவு முதல் வாரமே வந்துவிடும். கஷ்டம் முன்னே, பலன் பின்னே. இந்த இடைவெளியில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். குணமான பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர வேண்டும். நிறுத்தும்போது மெல்லக் குறைக்க வேண்டும். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் அல்பிரசோலம், டயஸிபம் வகைதான் பழக்கமாகிவிடும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் மாதக்கணக்கில் வாங்கிப் போடுவது ஆபத்து.

பித்தெழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவக் கோளாறுக்கு லித்தியம் உதவும் என்பதை ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் 1949இல் வெளியிட்டார். 1952இல் பிரான்ஸில் மனச்சிதைவு போன்ற நோய்களுக்கான குளோர்ப்ரோமசின் மருந்து வந்தது. அதன்பின்தான் சங்கிலியும் கம்பிக் கதவும் இல்லாமல் கடுமையான மனநோயைக் கையாள முடியும் என்ற நம்பிக்கை பிறந்தது. இவ்வகை நோய்களுக்குப் பலரும் நீண்ட காலம் மருந்து எடுக்க வேண்டியிருக்கும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் எடுப்பதைப் பற்றி யாரும் வெட்கப்படுவதில்லையே.

வெறுமனே பேசினால் நோய் எப்படித் தீரும்?

'வெறுமனே' என்பதுதான் பிழை. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டாலே அலறும் ஒரு சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே, முயலை நாளுக்கு நாள் கொஞ்சம் நெருக்கமாகக் கொண்டுவந்தார். கடைசியில் அவனே அதைத் தொட்டு விளையாடினான். நடத்தைச் சிகிச்சையின் வித்து அதுதான்.

1960களில் அமெரிக்காவின் ஏரன் பெக் எண்ணங்களின் பக்கம் திரும்பினார். மேலாளர் "அப்புறம் பேசலாம்" என்கிறார். ஒருவர் டீ குடிக்கப் போய்விடுகிறார். இன்னொருவருக்கு 'வேலை போகப்போகிறது' என்ற எண்ணம் கண நேரத்தில் பாய்கிறது. அன்று இரவு தூக்கம் இல்லை, மறுநாள் விடுப்பு, அதனால் உண்மையிலேயே மேலாளருக்குக் கோபம். சிகிச்சையில் அந்த எண்ணத்தைக் காகிதத்தில் எழுதி, இதற்கு ஆதாரம் என்ன, வேறு விளக்கம் உண்டா என்று வழக்கு விசாரிப்பதுபோல் விசாரிப்பார்கள். வீட்டுப்பாடம் உண்டு. 'தைரியமாக இருங்கள்' என்று தேற்றுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மிதமான மனச்சோர்வில் இது மருந்துக்கு நிகராகவே பலன் தருகிறது.

ஷாக் சிகிச்சை இன்னும் கொடுக்கிறார்களா?

கொடுக்கிறார்கள். 1938இல் ரோமில் தொடங்கியது. இப்போது மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் தராமல் கொடுப்பதை இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. சாப்பிடவே மறுக்கும் அளவுக்கு முற்றிய மனச்சோர்வில் உயிர் காப்பது இதுதான். நினைவில் சில நாட்கள் அழிந்துபோகலாம். அதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

ஆகாது. நோயை மறைத்துச் செய்தால் ஒரு நோயாளி இருந்த இடத்தில் இரண்டு துன்பப்படுகிறவர்கள் இருப்பார்கள். நோய் கட்டுக்குள் வந்தபின், இருவருக்கும் எல்லாம் தெரிந்து செய்யும் திருமணம் வேறு. அப்படி நன்றாக வாழ்பவர்கள் நிறைய.

வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் 1950களில் ஒன்றைக் கவனித்தார். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மனச்சிதைவு நோயாளிகளில், எப்போதும் குறை சொல்லும் வீட்டுக்கும், மூச்சுவிட முடியாதபடி பொத்திப் பொத்திப் பார்க்கும் வீட்டுக்கும் போனவர்களுக்கு நோய் மீண்டும் வருவது அதிகமாக இருந்தது. பிற்பாடு சண்டிகரில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அங்கே குடும்பத்தினரின் கடிந்துரை லண்டனைவிடக் குறைவாகவே இருந்தது. ஆனால் பொத்திப் பார்ப்பதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. இருபத்தெட்டு வயது மகனுக்குச் சோற்றைப் பிசைந்து கொடுப்பதும், "மாத்திரை போட்டாயா?" என்று விருந்தினர் முன் கேட்பதும் அன்புதான். அவருக்கோ அது கண்காணிப்பாகத்தான் படும்.

குரல் கேட்கிறது என்றால், "அப்படி ஒன்றும் கேட்கவில்லை" என்று வாதாடாதீர்கள். கேட்பதாக ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். "எனக்குக் கேட்கவில்லை, உனக்குக் கேட்பது பயமாக இருக்கும்" என்று சொன்னால் போதும்.

சிகிச்சைக்கே வர மறுத்தால்?

முதலில் தூக்கமின்மை, தலைவலி என்று அவரே ஒப்புக்கொள்ளும் தொல்லையைச் சொல்லி அழைத்துப் பாருங்கள். உயிருக்கு ஆபத்து, பிறருக்கு ஆபத்து, தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாத நிலை என்றால், அவர் நியமித்த பிரதிநிதியின் விண்ணப்பத்தில், இரண்டு வல்லுநர்கள் தனித்தனியே பரிசோதித்தபின் 30 நாட்கள் வரை சேர்க்க 2017 சட்டம் வழி செய்கிறது. சாப்பாட்டில் மாத்திரையைக் கலந்து தருவது பல வீடுகளில் நடக்கிறது. தெரிந்துவிட்டால், சோற்றில் விஷம் வைக்கிறார்கள் என்ற அவரது ஐயத்துக்கு நீங்களே சான்று கொடுத்ததாகிவிடும்.

பிரசவ ஜன்னி மனநோயா?

பாட்டிமார் அந்தப் பெயரில் சொன்னவற்றில் ஒன்று மனநோய்தான்: குழந்தை பிறந்த சில நாட்களில் தூக்கமின்றி, சம்பந்தமில்லாமல் பேசி, குழந்தையைக்கூட அடையாளம் தெரியாமல் போவது. ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் வரும். காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவமனை. சிகிச்சை கிடைத்தால் நன்றாகவே குணமாகும்.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்டால், தூண்டிவிட்டதாக ஆகாதா?

ஆகாது. கேட்பதால் எண்ணம் விதைக்கப்படுவதில்லை. பெரும்பாலும் அவருக்குப் பாரம் இறங்குகிறது. "சாகலாம் என்று தோன்றுகிறதா?" என்றே கேளுங்கள். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்துங்கள். இந்தியாவில் 14416, டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும் உண்டு. இலங்கையில் 1926 என்ற எண்.

முதல் தடவை மருத்துவரிடம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

பழைய சீட்டுகள், இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளும், நாட்டு மருந்து, லேகியம் உட்பட. எந்த மாதத்தில் தொடங்கியது, தூக்கம் எத்தனை மணி நேரம், குடி, கஞ்சா உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நோயாளியைத் தனியாகப் பேசவிட்டு நீங்கள் பத்து நிமிடம் வெளியே உட்கார வேண்டியிருக்கும். அவர் வெளியே வந்ததும், உள்ளே என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள்.